மேஸ்திரியின் காதில் கறுப்புப் பொடி

கலியமூர்த்தி கல்யாணப் பந்தியில் உட்காரும்போது செருப்பைத் துணிப்பையில் போட்டுத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். முடி வெட்டப் போனால் கண்ணாடியில் அவர் பார்ப்பது தன் தலையை அல்ல, பின்னால் இருக்கும் கதவை. பால்காரர் எதிரிலேயே உள்ளங்கையில் ஒரு சொட்டுப் பாலை விட்டு உருட்டிப் பார்ப்பார். புதுச்சேரியில் இருக்கும் மகள் ஜெயஸ்ரீ போன் செய்தால் முதல் கேள்வி, "ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?" மருமகன் பக்கத்தில் இருந்து கேட்கிறார் என்று அவருக்கு எண்ணம். "இல்லப்பா" என்று அவள் சொன்னால், "இல்லன்னு சொல்லச் சொன்னாரா?" என்பார்.

இந்தக் குணம் அவருக்குத் தொழிலோடு வந்தது என்று நினைக்கிறேன். கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, இளவயதிலேயே விருத்தாசலத்துக்கு வந்து பீங்கான் பட்டறையில் சேர்ந்தவர். இன்று ராஜாங்கத்தின் பட்டறையில் சூளை அவர் பொறுப்பு. பீங்கான் வேலையில் கண்ணை நம்ப முடியாது. வெந்த சாம்பல் மாதிரி இருக்கும் பொடி சூளைக்குள் போய் நீலமாகத் திரும்பி வரும். நல்ல சிவப்பாக இருப்பது உள்ளே போனால் காணாமலே போய்விடும். அதனால் எந்தப் புதுப் பொடி வந்தாலும், மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, ஒரு சில்லில் தடவி, சூளையில் வைத்துச் சுட்டுப் பார்த்த பிறகுதான் பொம்மையில் தொடுவார்கள். கலியமூர்த்தி இந்த வழக்கத்தைப் பட்டறைக்கு வெளியேயும் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான். மனிதர்களைச் சூளையில் வைக்க முடியாததால் யாரையும் நம்பாமல் இருந்துவிட்டார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கையில் இருப்பவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து, நெய்வேலியிலும் புதுச்சேரியிலும் அந்த வேலையைத்தான் செய்தேன். "மாத்திரை சாப்பிட்டேன்" என்கிறவரின் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பார்க்கிற வேலை அது. தெருவில் என்னை நர்ஸம்மா என்கிறார்கள். நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

மனைவி போன பிறகு கலியமூர்த்தி நம்பியது ஒரே ஒரு உயிரை. சாம்பலும் வெள்ளையுமான கடுவன் பூனை. சூளைச் சூட்டுக்கு வந்து ஒண்டியது, அவரோடு தங்கிவிட்டது. காலையில் அவருக்குப் பின்னாலேயே பட்டறைக்குப் போகும். பலகை பலகையாக நடந்து ஒவ்வொருவர் வேலையையும் எட்டிப் பார்க்கும். பிறகு படுத்துத் தூங்கும். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள்.

"மனுசன் மாதிரி கொழையாது அது. பசிச்சா வரும், பசி அடங்குனா போயிடும்" என்பார் கலியமூர்த்தி. இதைவிட உயர்ந்த பாராட்டு அவர் வாயிலிருந்து யாருக்கும் வந்ததில்லை.

பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிறவள் செல்வநாயகி. என் தெருவுக்கு அடுத்த தெரு. புருஷன் இல்லாமல் மகள் வெண்பாவைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். கை சுத்தமான கை, வாய் கூர்மையான வாய். மேஸ்திரி அவளுடைய கலர் அறைக்குள் நுழைந்து, ஈரம் காயாத பொம்மை முகத்தில் கால் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அவளும் திட்டுவது வழக்கம். ஆவணியில் கொலு ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு வரிசைப் பிள்ளையாரை அது தள்ளிவிட்டபோது எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஒரு நாளைக்கு இந்த மேஸ்திரிய நான் என்னா பண்றேன்னு பாருங்க."

அதற்கு அடுத்த வாரத்தில் கலியமூர்த்தி கலர் அறைக்குள் போனபோது, செல்வநாயகி பூனையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் அதன் காதை மடக்கிப் பிடித்திருந்தாள். மறு கையில் தூரிகை. பூனை அலறிக்கொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தார். காதுக்குள் கறுப்பாகப் பொடி அப்பியிருந்தது. அவள் கண் எழுதும் கறுப்பு.

ராஜாங்கத்திடம் போய் அவர் கத்தவில்லை. "வாயில்லா சீவன் காதுல கலர்ப்பொடியப் போடுறவ நாளைக்கு என் சூளைல என்னத்தப் போடுவான்னு எனக்குத் தெரியாது மொதலாளி. அவ இருக்கற எடத்துல நான் சூளை மூட்ட மாட்டேன்" என்றார். கொலு சரக்கு பாதி சுடாமல் கிடக்கிறது. கண் எழுத வேறு ஆள் தேடிவிடலாம், சூளைக்கு இந்த நேரத்தில் ஆள் கிடைக்காது. ராஜாங்கம் செல்வநாயகியைக் கூப்பிட்டு, விசாரிக்கும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். விசாரிக்க அவருக்கு நேரம் இருக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயுதபூஜைக்குள் வேறு ஒருத்தி அவள் மணையில் உட்கார்ந்துவிடுவாள்.

மறுநாள் காலையில் கலியமூர்த்தி என் வாசலில் நின்றார். தோளில் சாக்கு, சாக்குக்குள் பூனை.

"அக்கா, வைத்தியம் பாக்க வரல. நீங்க பாத்து, இது பொடிதான்னு ஒரு வார்த்தை மொதலாளியாண்ட சொன்னாப் போதும்."

"பாக்காம எப்படிப்பா சொல்லுவேன்?"

"அதான் பாருங்கன்னுதான் கொண்டாந்தேன்."

"என்ன சொல்லணும்னும் நீயே சொல்லிட்டியே."

பழைய துண்டில் பூனையைக் கழுத்துவரை சுற்றி, தலை மட்டும் வெளியே இருக்கும்படி அவர் கையில் கொடுத்தேன். அரண்ட குழந்தையைச் சுற்றுவதுபோலத்தான். கால் நான்கும் உள்ளே இருந்தால் நமக்கும் காயமில்லை, அதற்கும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். காப்பித்தூளைத் தண்ணீரில் குழைத்துக் காயவிட்டது மாதிரி, பொருக்குப் பொருக்காகக் கறுப்பும் பழுப்புமாக இருந்தது. கிட்டே போனால் ஒரு புளித்த வாடை. மடலுக்குப் பின்னால் முடி உதிர்ந்து, நகம் கீறிய ரத்தக்கோடுகள். இன்னொரு காதைத் திருப்பினேன். அதிலும் அதே அளவு, அதே ஆழம். காதின் அடிப்பகுதியை விரலால் லேசாக அழுத்தினேன். துண்டுக்குள் பின்னங்கால் தானாகச் சொறிய ஆரம்பித்தது.

"எத்தினி நாளா தலைய ஒதறுது?"

"நேத்துலேருந்துதான்."

"இந்தப் பின்காதுல முடி கொட்டினது நேத்து ஒரு நாள்ல கொட்டினதா தம்பி?"

அவர் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. எதற்கென்று தெரியவில்லை. கோபத்தில் இருக்கிறவர்கள் தங்கள் கோபத்துக்கு ஒத்துவராத நாட்களைக் கழித்துவிடுவார்கள், அப்படி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். பொடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராவது கையால் போட்டிருந்தால் ஒரு காதில் கூடவும் ஒன்றில் குறைவாகவும் இருக்கும், மடலில் சிந்தியிருக்கும். இது உள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது. ஆனால் நான் மனிதர்களைப் பார்த்துக்கொண்டவள். பூனைக் காதுக்குச் சத்தியம் பண்ண மாட்டேன்.

"மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"மருந்து வாங்கிட்டேன்க்கா." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். "ஒரு சொட்டு காதுக்குள்ள விட்டா எல்லாம் வெளிய வந்துடும்னாங்க."

வாங்கி எட்டப் பிடித்துப் படித்தேன். நாய் உண்ணிக்கான மருந்து. பொடி எழுத்தில், பூனைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. நாய் தாங்குகிற சில மருந்துகளைப் பூனை உடம்பு தாங்காது. வலிப்பு வந்து செத்தே போகும்.

"ஊரையெல்லாம் சந்தேகப்படற, இந்தக் குப்பிய மட்டும் எப்படி நம்புன?"

"விக்கிறவருக்குத் தெரியாதா?"

"இதுல எழுதியிருக்கறத அவரும் படிக்கல, நீயும் படிக்கல." குப்பியை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். "வேப்பெண்ணெ, மண்ணெண்ணெ, நமக்குக் காதுவலிக்குக் குடுத்த சொட்டு மருந்து, ஒண்ணும் விடாத. குச்சியும் விட்டுக் குடையாத. உள்ளாற தள்ளிவுட்டுடுவ. நாளைக்குக் காலையில நானும் வரேன்."

பூட்டுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தை நான் என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்திருப்பார்.

அவர் போன பிறகு செல்வநாயகி வீட்டுக்குப் போனேன். அவளை நான் நம்பித்தான் போனேன் என்று சொல்ல மாட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். முன்னங்கையில் மணிக்கட்டிலிருந்து நீளமாக நாலு கோடாய்ப் பிராண்டல், விளிம்பு சிவந்து கிடந்தது.

"கையில என்னாடி?"

"கம்பி கிழிச்சிடுச்சி பெரிம்மா."

"கம்பிக்கு எப்பலேருந்து நாலு நகம்?"

அரிசித் தண்ணீரைக் கொட்டினாள். "தெரிஞ்சுகிட்டே கேக்கறீங்க."

"அந்தப் பூனை காதுல ஏதாச்சும் போட்டியா?"

"போட்டிருந்தாலும் தப்பில்ல. எம்மா பொம்மையக் கெடுத்திருக்குது."

"போட்டியான்னு கேட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். ஒரு துணித்துண்டோடு வந்தாள். அதில் கறுப்பாகப் பொருக்கு ஒட்டியிருந்தது.

"நேத்து வந்து என் பலகைல நின்னு தலைய ஒதறுச்சி. கறுப்பு கறுப்பா காயாத மொகத்துலயெல்லாம் தெறிச்சிடுச்சி. ஒரு அம்மன் மொகம் பூரா மச்சம். இந்தச் சனியன் எங்கேர்ந்து கொண்டாருதுன்னு புடிச்சிப் பாத்தேன். காதுக்குள்ள கெடக்குது. தொடைச்சி வுட்டேன். கையில தூரிகை இருந்துச்சி, கீழ வெக்க எடமில்ல. அதுக்குள்ள அவரு வந்துட்டாரு."

"இத மொதலாளியாண்ட சொன்னியா?"

"எதுக்கு? நான் தொடைச்சேன்னா, ஏன் தொடைச்ச, போட்டத மறைக்கத்தான் தொடைச்சன்னு சொல்லுவாரு அந்த அண்ணன். எனக்கு அவரத் தெரியாதா?"

துணியை வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். சொல்ல நேரம் கிடைத்தவள் யோசித்துச் சொன்னதாகவும் இருக்கலாம். துணி பேசாது என்பதால் துணியையே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் கறுப்புப் பீங்கான் தட்டு ஒன்று உண்டு. அந்தப் பட்டறையில் செய்ததுதான், விளிம்பு கோணி விற்காமல் போனது. மறுநாள் விடிந்ததும் கலியமூர்த்தி பூனையோடு வந்தபோது, துணியில் இருந்தது காய்ந்துவிட்டதால் காது மடலிலிருந்து புதிதாகக் கொஞ்சம் பொருக்கைத் தட்டில் உதிர்த்தேன். வாசல் வெயிலில் வைத்து, பேத்தி கொடுத்துவிட்டுப் போன பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். வெள்ளை வெள்ளையாக, ஊசிமுனை அளவுகூட இல்லாத புள்ளிகள். ஒரே இடத்தில் இருந்தால் தூசி. இவை நகர்ந்தன.

"இந்தா, பாரு."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தூசி."

"நடக்குற தூசியா?"

"காத்து அடிக்குது." கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "நேத்து அவ வூட்டுக்குப் போனீங்களாமே."

"போனேன்."

"ம்." அந்த ஒரு எழுத்தில் என்னையும் எதிர்க்கட்சியில் சேர்த்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் இளமதி சின்னப் பெண். கருவியால் காதுக்குள் பார்த்தாள், பொருக்கில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

"காது உண்ணி" என்றாள். "நாய் மேல பாக்குறீங்களே, அந்த உண்ணி இல்ல. இது ரொம்பப் பொடிசு. காதுக்குள்ளயே குடும்பம் நடத்தும். இந்தக் கறுப்பெல்லாம் அழுக்கும் மெழுகும் காஞ்ச ரத்தமும். நீங்களே பாருங்கய்யா."

கலியமூர்த்தி குனிந்து பார்த்தார். கால் முளைத்த வெள்ளைச் சனியன்கள் நெளிந்தன, நானும் பார்த்தேன். அவர் நிமிர்ந்து, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கண்ணாடியிலயே முன்னாடியே இருந்திருக்கும்."

டாக்டர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். செவிப்பறை கிழியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சுத்தம் செய்தாள். கிழிந்திருந்தால் சொட்டு மருந்து உள்ளே இறங்கிக் கெடுதல் செய்யும் என்றாள். பூனையின் எடையைப் பார்த்து, பிடரியில் முடியை விலக்கித் தோலில் ஒரு மருந்தை வைத்தாள். காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தாள். சொறிவது நின்றதும் நிறுத்திவிடக் கூடாது, முட்டை பொரித்து மறுபடி வரும், தான் சொன்ன நாள்வரை விட வேண்டும், பிடரி மருந்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். தலை ஒருபக்கமாகச் சாய்ந்தால், சுற்றிச் சுற்றி நடந்தால், மடல் பூரிபோல உப்பினால் அன்றைக்கே தூக்கிவர வேண்டும்.

"எல்லாக் கறுப்பும் உண்ணி இல்ல" என்றும் சொன்னாள். "பூஞ்சையா இருக்கலாம், சீழா இருக்கலாம். அதுக்கு மருந்து வேற. அதனால அடுத்த தடவையும் நீங்களா ஒண்ணும் வாங்கி விடாதீங்க. இது ஒரு பூனைகிட்டேருந்து இன்னொண்ணுக்கு ஒட்டும். வூட்ல வேற பூனை இருக்கா?"

"இல்ல" என்றார் கலியமூர்த்தி. சட்டென்று சொன்னார், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தலையணைக்கு அடியில் மாத்திரை வைத்திருப்பவர்கள் அப்படித்தான் சுவரைப் பார்ப்பார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "டாக்டரு சொன்னது போதுமா? மொதலாளியாண்ட சொல்றியா?"

"டாக்டரம்மாகிட்ட என்னக் கூட்டிப்போனது யாரு? நீங்க. நீங்க எங்க போயிட்டு வந்தீங்க? அவ வூட்டுக்கு."

"சரி. என்னையும் நம்பாத, டாக்டரையும் நம்பாத. உன் சூளைய நம்புவியா?"

திரும்பிப் பார்த்தார்.

"புதுப் பொடி வந்தா என்ன பண்ணுவ? அதப் பண்ணு. அவ கறுப்ப ஒரு பக்கம் தடவு. மேஸ்திரி காத அவ தொடைச்ச இந்தத் துணியில இருக்கறத இன்னொரு பக்கம் தடவு. கலராயிருந்தா ரெண்டும் நிக்கும். அழுக்காயிருந்தா எரிஞ்சு போவும். அவ்வளவுதானே?"

துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இது மேஸ்திரி காதுதான்னு எப்படித் தெரியும்?"

"அப்ப துணிய வுடு. மடியில பூனை இருக்குது, நீயே எடு."

ஆட்டோவிலேயே தீப்பெட்டி ஒன்றைக் காலி செய்து, சுத்தம் செய்தும் மடலில் மிச்சம் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் போட்டுக்கொண்டார். அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலை சூளை ஏற்றினார்கள். ஒருமுறை சுட்ட வெள்ளைச் சில்லு ஒன்றை எடுத்து, ஒரு மூலையில் செல்வநாயகியின் கறுப்பையும் இன்னொரு மூலையில் பூனையின் கறுப்பையும் அவரே தடவினாராம். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று பின்பக்கம் ஆணியால் தன் அடையாளத்தைக் கீறினாராம். தானே உள்ளே வைத்துத் தானே கதவை அடைத்தாராம். இதையெல்லாம் அங்கே வேலை செய்யும் பூங்கோதை வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்வநாயகி அன்றைக்கு வெண்பாவிடம், வேறு பட்டறையில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கேயும் எடுக்கவில்லை. காதில் பொடி போட்டவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போயிருந்தது.

சூளை ஆறும்வரை திறக்க முடியாது. அவசரப்பட்டால் சரக்கு விரிசல் விடும். இடையில், சொட்டு மருந்து எப்படி விடுவது என்று காட்டுவதற்காகக் கலியமூர்த்தி வீட்டுக்குப் போனேன். மருந்துக் குப்பியைக் கொஞ்சநேரம் கைக்குள் வைத்திருந்து குளிர்ச்சியைப் போக்க வேண்டும். மடலை மேலே தூக்கி, சொட்டுகளை விட்டு, காதின் அடியை வெளியிலிருந்து பிசைய வேண்டும். சளக் சளக் என்று சத்தம் கேட்கும். பிறகு விட்டுவிட்டால் அதுவே உதறி அழுக்கை வெளியே தள்ளும். எட்டி நிற்பது நம் பொறுப்பு. ஒருவர் பிடிக்க ஒருவர் விட வேண்டிய வேலை. அவர் தனியாகச் செய்ய முயன்றதில் சட்டையில்தான் மருந்து அதிகம்.

அடுப்படிப் பக்கம் ஒரு பால் கிண்ணம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணம், ரொம்பச் சின்னது, பொம்மைச் செட்டில் வருகிற அளவு. அதிலும் பால்.

"இது யாருக்கு?"

"மேஸ்திரிக்குத்தான். பெரிசுல காலையில, சின்னதுல சாயந்திரம்."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே ஏதோ சுரண்டியது. அவர் இருமினார். நானும் ஒன்றும் கேட்காமல் கிளம்பினேன். கேட்டால் எலி என்பார். அதையும் கேட்டு வைக்க வேண்டும்.

சூளை திறந்த அன்று நான் பட்டறைக்குப் போனேன். ராஜாங்கம் மேசையில் உட்கார்ந்து, செல்வநாயகிக்குப் பதிலாக வேப்பூரிலிருந்து வரப்போகிறவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி சூட்டோடு சில்லைத் துணியில் பிடித்து வெளியே கொண்டுவந்தார். முதலில் பின்பக்கத்துக் கீறலைப் பார்த்தார். தன்னுடையதுதான். பிறகு திருப்பினார்.

ஒரு மூலையில் மையிட்ட மாதிரி நல்ல கறுப்பு. இன்னொரு மூலையில் ஒன்றுமில்லை. வெள்ளை.

கட்டைவிரலால் அந்த வெள்ளையைத் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும். சூளை மட்டும் சொல்லட்டும் என்று நின்றேன்.

சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் விறுவிறுவென்று வெளியே போனார். ஓடிப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ராஜாங்கமும் அப்படித்தான் நினைத்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "என்னாங்கம்மா, எங்க போறாரு?" என்றார்.

"வேப்பூர்ப் பொண்ண இப்ப வரச் சொல்லிடாதீங்க" என்றேன்.

கலியமூர்த்தி திரும்பி வந்தபோது கையில் பொம்மை அடைக்கிற அட்டைப்பெட்டி. மேசையில் வைத்துத் திறந்தார். வைக்கோலுக்கு நடுவில் ஒரு செவலைப் பூனைக்குட்டி. வெளிச்சம் பட்டதும் தலையை உதறியது. ராஜாங்கத்தின் வெள்ளை பில் புத்தகத்தில் கறுப்பாகப் பொருக்கு விழுந்தது.

"வேப்பூர் பக்கம் மங்களூர்ல எங்க அக்கா தனக்கோடி வூட்லேருந்து தூக்கியாந்தேன். ஆடியில" என்றார். "வெளிய வுட்டா யாராச்சும் எதாச்சும் பண்ணிடுவாங்கன்னு உள்ளாறயே வச்சிருந்தேன். மேஸ்திரிகூடத்தான் படுக்கும்." சில்லை எடுத்து மேசைமேல் வைத்தார். "பொடி இல்ல மொதலாளி. சுட்டுப் பாத்துட்டேன். அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க."

"அப்ப இந்தக் கறுப்பக் கொண்டாந்தது நீயேதானாய்யா?" என்றார் ராஜாங்கம்.

"அதான் சொல்றேனே."

"இத ரெண்டு நாளு முந்தி சொல்லியிருக்கலாம்ல."

"ரெண்டு நாளு முந்தி சூளை தொறக்கல."

செல்வநாயகி அன்று மதியமே வந்தாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை. மேசையிலிருந்த சில்லை எடுத்தாள், புரட்டினாள்.

"இதுல என் கறுப்பு எது?"

"தெரியலியா?" என்றார் கலியமூர்த்தி.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு கேட்டேன்."

அவர் விரலால் காட்டினார். அவள் சில்லைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு மாத்திச் சொல்லுவீங்க." பிறகு ராஜாங்கத்திடம் சொன்னாள்: "கலர் ரூமுக்குத் தாப்பா வேணும். பூட்டும் வேணும். சாவி என்கிட்டதான் இருக்கும்."

தாழ்ப்பாளைக் கலியமூர்த்தியே போட்டார். போட்டு முடித்து இழுத்து ஆட்டிப் பார்த்தார். அவர் நகர்ந்ததும் அவள் வந்து இழுத்து ஆட்டிப் பார்த்தாள்.

குட்டியையும் டாக்டரிடம் கொண்டுபோனோம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து விட்டால்தான் தீரும், ஒன்றை விட்டால் அதிலிருந்து மற்றதுக்குத் திரும்பும். ஆனால் இரண்டு பூனை, தலா இரண்டு காது, பிடிக்க ஆள் வேண்டும். எனக்கு விரல் மூட்டில் வலி, இறுக்கிப் பிடிக்க வராது. பூங்கோதைக்குப் பூனை என்றால் பயம். கலியமூர்த்தி கொஞ்சநேரம் துண்டை மடித்தார், விரித்தார். பிறகு உள்ளே தாழிட்டிருந்த கலர் அறைக் கதவைத் தட்டினார்.

"என்னா?" என்றாள் உள்ளிருந்து.

"மருந்து வுடணும். நீதான் காத நல்லா புடிச்சே அன்னிக்கு."

உள்ளே மணையைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் முதலில் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்தாள். கையை இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும்படி விரித்துக் காட்டினாள். மேஸ்திரியை மடியில் போட்டுத் துண்டைச் சுற்றி, மடலை மடக்கிப் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்த அதே பிடிதான்.

"குப்பியக் காட்டுங்க" என்றாள். "அன்னிக்கு நாய் மருந்து வாங்கியாந்தீங்களாமே."

அவர் காட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை குப்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் சொட்டு விட்டார். அவள் கண் அவர் கையில் இருந்தது, அவர் கண் அவள் கையில் இருந்தது. பூனை மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.